மூன்றாம் மாடியில் ஒரு கொங்கு நாடு: பல்கலைக்கழக ஆவணப் பிரிவு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

கொங்கு வட்டாரத்தின் வரலாற்றை ஆராய விரும்புகிறவர் இன்றும் முதலில் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டியிருக்கிறது. வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கம்பெனிக் காலத்து நில அளவையாளர் காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆளனுப்பித் திரட்டிய கைபீதுகளை, அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளை, பார்க்க வேண்டுமானால், 1869இல் தொடங்கப்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை நாட வேண்டும். பழைய இதழ்களுக்கும் பிரசுரங்களுக்கும் 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அதுவும் சென்னையில்தான். இந்த நிலையில், நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில், மூன்றாம் மாடியின் ஒரு கோடியில், அரிய நூல்களுக்கும் ஆவணங்களுக்குமென ஒரு பிரிவு பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது என்பது இங்குள்ள ஆசிரியர்களில் பலருக்கே தெரியாது. அந்தப் பிரிவைப் பயன்படுத்திய வாசகன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. கீழே சொல்லப்போகும் குறைகளுக்காக நாளை மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள், அந்தக் குறைகளுக்குச் சிறிதும் பொறுப்பில்லாத கடைநிலை ஊழியர்களாகவே இருப்பார்கள்.

நான் தேடிப் போனது கிணற்றுப் பாசனம் பற்றிய செய்திகளை. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகியதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதே மின்சாரம் தோட்டத்துக் கிணற்றுக்கு வந்தபோது, மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையை ஓட்டிய மாடுகளும் ஆட்களும், நீர் மொள்ளும் தோல் பையான பறியைத் தைத்துக் கொடுத்தவர்களும் என்ன ஆனார்கள் என்பதற்கு அரசுக் கோப்புகளில் அதிகம் கிடைப்பதில்லை. அது குடும்பக் கணக்குகளில்தான் கிடைக்கும். குடும்பக் கணக்குகளைக் கேட்டு வாங்கிப் பாதுகாத்து வைத்திருப்பதே இந்தப் பிரிவின் தனிச்சிறப்பு என்பதால், மற்ற எதைச் சொல்வதற்கு முன்பும் அதைப் பாராட்டிவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் தலைவர்களின் கடிதங்களையும் புலவர்களின் கையெழுத்துப் படிகளையும் தேடி ஓடுகின்றன. ஒரு குடியானவர் புண்ணாக்கு வாங்கிய கணக்கு ஆவணமாகும் என்று யாரோ ஒரு நூலகர் அன்றைக்கே எண்ணியிருக்கிறார்.

உள்ளே நுழைவது எளிதன்று. அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவருக்கு நெறியாளர் கையொப்பம் போதும். வெளியாருக்கோ ஏதேனும் ஒரு கல்லூரித் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டையின் நகல், எந்தப் பொருளில் ஆய்வு, எதற்காக ஆய்வு என்ற விளக்கம் ஆகியவை வேண்டும். எந்தக் கல்லூரியையும் சாராமல் சொந்த ஆர்வத்தில் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கொங்குப் பகுதியில் மிகுதி. நம் ஊர்களின் வரலாற்றில் கணிசமான பகுதியை எழுதியவர்களே அவர்கள்தாம். அவர்களை வாசலில் நிறுத்திக் கடிதம் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. அரிய பொருள்களைக் கையாள விடும்முன் ஆளை அறிந்துகொள்வது அவசியம்தான். ஆனால் அதற்கு அடையாள அட்டையும், வாசகர் பதிவேட்டில் ஒரு கையொப்பமும், படிப்பறையில் ஒரு மேற்பார்வையாளரும் இருந்தாலே போதும்.

உள்ளே போய்விட்டால் வேறு உலகம். படிப்பறை சிறியது, வடக்குப் பார்த்த சன்னல்கள் உள்ளது, நேர் வெயில் விழாதது. பைகளை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. இந்த விதியில் அவர்கள் எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை. பார்வையிட வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் மரியாதையாகக் கேட்டு வாங்கி வைத்ததைப் பார்த்தேன். முதுகு தளர்ந்த பேரேடுகளை முழுக்க விரித்து மேசையில் அழுத்திவிடாதபடி இருபுறமும் தாங்கு வைக்கிறார்கள். தாளைத் தொடுவதற்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுப்பதுதான் பழைய பழக்கத்தின் மிச்சம். கையுறை விரலின் உணர்ச்சியை மழுங்கடித்து, நொறுங்கும் நிலையில் உள்ள தாளின் ஓரத்தைக் கிழித்துவிடக்கூடும் என்பதால், நிழற்படங்களுக்கு மட்டும் கையுறையும் தாளுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையும் போதும் என்பதே இப்போது ஆவணக்காப்பகங்கள் பலவற்றின் வழக்கம்.

எனக்குக் கிடைத்தவற்றில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் தைக்கப்பட்டு, சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு தோட்டக் கணக்குப் பேரேடு அது. வரவும் செலவும் தமிழ் எண்களில் எழுதப்பட்டிருந்தன. ரூபாய், அணா, பைசாக்கள் அந்தந்தக் குறிகளோடு இருந்தன. பறி தைக்கத் தோல், வடக்கயிறு, வால்கயிறு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, லாடம் அடித்த கூலி என்று பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்த பதிவுகளுக்கு இடையே, ஓரிடத்தில் மட்டும் கை மாறியது போல் வேறொரு எழுத்தில் 'கரண்டுக்குக் கட்டின டிபாசிட்டு' என்றிருந்தது. அடுத்த சில பக்கங்களில் தோல் வாங்கிய பதிவுகள் குறைந்து, பிறகு நின்றே போயின. ஆனால் பருத்திக்கொட்டைச் செலவு நிற்கவில்லை. மோட்டார் வந்த பிறகும் மாடுகளை விற்றுவிடாமல் உழவுக்கும் வண்டிக்கும் வைத்திருந்திருக்கிறார்கள் என்பது அதனால் தெரிந்தது. அந்த டிபாசிட்டுப் பதிவின் தொகைக்கு நேராக ஒரு பூச்சித் துளை. அடுத்த பக்கத்திலும், அதற்கடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் துளை. ஆகவே அந்தக் குடும்பம் எவ்வளவு கட்டியது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்தப் பேரேடு நூலகத்தின் பதிவேட்டில் 1876ஆம் ஆண்டுக்குரியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் 'தாது வருஷம்' என்று இருப்பதே இதற்குக் காரணம். தாது வருஷம் என்றவுடன் யாருக்கும் 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் நினைவுக்கு வருவது இயல்பு. நம் பாட்டிமார் பேச்சிலும் அது 'தாது வருசப் பஞ்சம்'தான். ஆனால் அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1936–37ம் தாது வருஷமே. மின்சாரத்துக்கு டிபாசிட்டு கட்டிய கணக்கு 1876இல் இருக்க வழியில்லை என்பதோடு, அதே பேரேட்டின் நடுவில் ஒட்டியிருந்த நிலவரி ரசீதில், வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்குப்படி, பசலி 1346 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பசலியோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும், அதாவது 1936. பதிவு செய்தவர் பேரேட்டைப் பத்துப் பக்கம் புரட்டியிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது. இதைச் சுட்டிக்காட்டியபோது உதவியாளர் அக்கறையோடு குறித்துக்கொண்டார். ஆனால் பட்டியலைத் திருத்தும் உரிமை தமக்கில்லை என்றும், குழு கூடித்தான் திருத்த முடியும் என்றும் சொன்னார். 1876 என்ற பதிவை நம்பிப் பஞ்சகால விலைவாசியை ஆராய வரும் ஒருவர் எவ்வளவு தூரம் தவறிப்போவார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உண்மையில் இந்தப் பிரிவின் பெருங்குறை இந்த ஒரு பிழையன்று. விளக்கமான பட்டியலே இல்லாமைதான். வந்து சேர்ந்த வரிசையில் எழுதப்பட்ட ஒரு சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அதில் 'கணக்குகள், ஒரு கட்டு', 'கடிதங்கள், பல', 'பலவகைத் தாள்கள்' என்றே பெரும்பாலான பதிவுகள் இருக்கின்றன. எந்தக் குடும்பம், எந்த ஊர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கட்டுக்குள் எத்தனை உருப்படிகள், எந்த ஒழுங்கில் வந்தன என்ற விவரம் இல்லை. அச்சு நூலுக்கு அட்டைப்பட்டியல் போதும். அதன் தலைப்பும் ஆசிரியரும் நூலிலேயே இருக்கின்றன. ஆவணக் கட்டுக்குத் தலைப்புமில்லை, ஆசிரியருமில்லை. அதை அறிமுகப்படுத்த யாரேனும் உட்கார்ந்து பிரித்துப் படித்து நான்கு வரி எழுதினால்தான் உண்டு. அந்த நான்கு வரி எழுதப்படாதவரை, குளிரூட்டிய அறையில் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் அந்தக் கட்டு ஆய்வாளர்களுக்கு இல்லாதது போலத்தான்.

இந்தக் குறையை இப்போது ஈடுசெய்து வருவது ஒரே ஒரு மனிதரின் நினைவாற்றல். பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே அங்கிருக்கும் மூத்த உதவியாளர் ஒருவரிடம் பொருளைச் சொன்னால் போதும். எந்த அலமாரியில், எந்தக் கட்டில் அது இருக்கக்கூடும் என்று அவர் சொல்லிவிடுகிறார். "பெட்டிய முழுசா எறக்க வேண்டாங்க, எந்தக் கட்டு வேணும்னு சொல்லிப்போடுங்க, நானே எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், கேட்டதோடு கேட்காத இன்னொன்றையும் கொண்டுவந்து, "இதுலயும் கெணத்துச் சங்கதி இருக்குதுங்க, பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனார். நான் தேடிப் போனவற்றில் மிகப் பயனுள்ளது அந்தக் கேட்காத கட்டில்தான் இருந்தது. அவர் ஓய்வுபெற அதிக காலம் இல்லை. அதற்குள் ஒரு இளைஞரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வைப்பதற்கு ஆகும் செலவு, நுழைவாயிலில் அண்மையில் மாட்டிய பித்தளைப் பெயர்ப்பலகைக்கு ஆன செலவைவிட மிகுதியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓலைச்சுவடிப் பகுதி அளவில் சிறியது, பராமரிப்பில் நல்லது. கதவைத் திறந்ததும் எலுமிச்சைப்புல் எண்ணெயின் மணம் வருகிறது. அந்த எண்ணெய் ஓலைக்கு நெகிழ்வைக் கொடுப்பதோடு பூச்சியையும் அண்டவிடாது. சுவடி நூலகங்களில் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை அது. எழுத்து மங்கியவற்றுக்கு விளக்குக்கரி பூசித் துடைத்து எழுத்தைத் துலக்கியிருக்கிறார்கள். கொங்கு நாட்டின் வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் சுவாமி கதையின் பகுதிகள், திருமணங்களில் பாடும் மங்கல வாழ்த்து, சோதிடம், மாட்டு வைத்தியம் சொல்லும் வாகடம் ஆகியவை இருக்கின்றன. அண்ணன்மார் கதை பாடுவோர் குரலில் வாழ்ந்த கதை என்பதால், அதை ஓலையில் பார்ப்பவர்கள் ஒலிப்பதிவையும் எதிர்பார்ப்பார்கள். 1965இல் காங்கேயம் பக்கத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்த பிறகு அந்தக் கதை உலக அறிஞர்களுக்கு அறிமுகமானது. இந்தப் பிரிவில் ஒலிநாடாக்கள் எவையும் இல்லை. பாடுவோர் குறைந்து வரும் காலத்தில் இது வருந்தத்தக்கது.

நூற்பாலைப் பொருள்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலைக்குப் பின் கோவையில் ஆலைகள் பெருகிய காலத்து விலைப்பட்டியல்கள், கூலிப் பதிவேடுகள், ஆண்டறிக்கைகள், 1940களின் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டதை ஒட்டி வெளிவந்த துண்டறிக்கைகளைக் கையில் எடுத்தால், அவற்றின் ஓரங்கள் பொடியாக உதிர்ந்து மேசையில் விழுகின்றன. மலிவான மரக்கூழ்த் தாளில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றிலும் வெளிச்சத்திலும் பழுத்து, தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்குவதால் இப்படி ஆகிறது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஓலை நெகிழ்ந்து கொடுக்கும்போது எண்பது ஆண்டு வயதுள்ள துண்டறிக்கை நொறுங்குவது இதனால்தான். இவற்றைக் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருப்பது நோயோடு நோயைச் சேர்ப்பதாகும். அமிலமற்ற தாளுறையோ பாலியெஸ்டர் உறையோ வாங்கியிருக்க வேண்டும். துருப்பிடித்த குண்டூசிகளையும் கம்பிப் பின்களையும் அகற்றாமல் விட்டிருப்பதற்குப் பணமில்லை என்ற சாக்கும் செல்லாது. அதற்குத் தேவை பொறுமை மட்டுமே.

குளிரூட்டியைப் பற்றியும் ஒரு சொல். அலுவலக நேரத்தில் ஓடவிட்டு மாலையில் நிறுத்திவிடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், பகலில் உலர்ந்தும் இரவில் ஈரமேறியும் தாள் நாள்தோறும் சுருங்கி விரிகிறது. இப்படி ஏற்றி இறக்குவதைவிடச் சற்றுக் கூடுதலான, ஆனால் மாறாத வெப்பநிலையே தாளுக்கு நல்லது.

செப்பேடுகளில் அவர்கள் எடுத்திருக்கும் முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. கொங்கு நாட்டில் பட்டக்காரர் எனப்படும் வட்டாரத் தலைவர் குடும்பங்களிலும், நில உரிமை பெற்ற காணியாளர் வீடுகளிலும் மடங்களிலும் செப்புப் பட்டயங்கள் பூசைப் பொருளாகவே இருந்து வருகின்றன. எவ்வளவு கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள், கொடுக்க வேண்டியதும் இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஈரோட்டுப் புலவர் செ. இராசு வீடு வீடாகச் சென்று இத்தகைய பட்டயங்களைப் படித்து வெளியிட்ட வழியைப் பின்பற்றி, இந்தப் பிரிவினரும் பட்டயத்தை அங்கேயே படமெடுத்து, மூலத்தை வீட்டாரிடமே விட்டுவிட்டு, படத்தையும் வாசகத்தையும் மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையால்தான் பிறகு அதே குடும்பங்கள் பழைய மொய் நோட்டுகளையும் கிரயப் பத்திரங்களையும் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தன என்று கேள்விப்பட்டேன். மொய் நோட்டை இளக்காரமாக நினைப்பவர்கள் ஒரு பிற்பகல் அதோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் எந்த ஊரிலிருந்து வந்தார், பணமாகச் செய்தாரா பாத்திரமாகச் செய்தாரா, எந்த உறவு எந்த ஆண்டு முறிந்து பெயர் நின்றுபோனது என்பதெல்லாம் வரிசையாகக் கிடைக்கிறது.

நகலெடுப்பதில்தான் வாசகர் சலித்துப்போவார். கைப்பேசியில் படமெடுக்க அனுமதியில்லை. அவர்களே ஸ்கேன் செய்து பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். கட்டணம் பெரிதன்று. ஆனால் வரும் படத்தின் நடுவே பல்கலைக்கழக முத்திரையைக் குறுக்காகப் பதித்துத் தருகிறார்கள். மங்கிய தமிழ் எண்ணும் அந்த முத்திரையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் எதையும் படிக்க முடிவதில்லை. துண்டறிக்கைகளுக்குப் பதிப்புரிமை இருப்பதாகச் சொல்லி மறுப்பதும் பொருந்தாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான ஒன்றுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்தான் உரிமை. 1946இல் அச்சான பெயரில்லாத துண்டறிக்கைக்கு அது 2006ஆம் ஆண்டோடு தீர்ந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எத்தனையோ பழைய நூல்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கிறோம். மக்கள் கொடுத்த மொய் நோட்டுக்கு முத்திரை குத்திக் காவல் காப்பது எதற்காக என்று விளங்கவில்லை.

அச்சு நூல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கல்சன் தொகுத்து 1887இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டின் பழைய படி ஒன்று இருக்கிறது. கிணறுகளைப் பற்றி அதில் உள்ள பகுதியைப் பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தது நல்ல வசதி. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு இதழ்களில் சில சிதறலாக இருக்கின்றன. முழு வரிசை தேவைப்படுவோர் இங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

குடும்ப வரலாறு, பாசனம், ஆலைத் தொழிலாளர் வாழ்க்கை, சடங்குகள் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் போகலாம். போகும்போது தேடும் ஊர்ப்பெயர்களையும், அறுபது ஆண்டுப் பட்டியலையும், பசலிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பதிவேட்டில் உள்ள ஆண்டை அப்படியே நம்பக்கூடாது. சனிக்கிழமைகளில் திறந்திருக்கும் என்று அறிவிப்பு இருந்தாலும், சுவடி அறையின் சாவி அன்று இருக்காது. கேட்புச் சீட்டைக் காலை பத்தரை மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் உணவு இடைவேளை முடிந்துதான் கட்டு மேசைக்கு வரும், நாலேகால் மணிக்கே திருப்பிக் கேட்பார்கள்.